வீட்டில் வருகிற கணக்கு தேர்வில் ஏன் வரவில்லை: ஒரு மாணவி, ஏழு விடைத்தாள்கள்

அவள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுப்பாட நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சரிக்குறிதான். வகுப்புத் தேர்வு விடைத்தாளைப் புரட்டினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். தேர்வு 40 மதிப்பெண்ணுக்கு, நேரம் 60 நிமிடம். முதல் மூன்று தேர்வுகளில் அவள் வாங்கியது 19, 22, 17.

"வீட்டுல எல்லாம் வந்துச்சு மிஸ்," என்றாள் என்னிடம். அது பொய் இல்லை. அவளுடைய அம்மா வேறு மாதிரி சொன்னார்: "கவனக்குறைவுங்க மிஸ். கேட்டா டக்டக்குன்னு சொல்லுவா, எழுதும்போது கோட்டை விட்டுடுவா." வகுப்பு ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததும் அதே சொல்தான்: கவனக்குறைவு.

தனியாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற நான் அவளோடு சுமார் ஆறு மாதம் உட்கார்ந்தேன். ஏழு தேர்வுகளின் விடைத்தாள்களும் என்னிடம் வந்தன. அவற்றில் என்ன பார்த்தேன், எதை மாற்றினோம், எது சொதப்பியது என்பதை எழுதி வைக்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் மாதம்

அவள் என்னிடம் வந்தது இரண்டாவது தேர்வுக்குப் பிறகு. நான் முதலில் செய்தது பெரும்பாலான டியூஷன்களில் நடப்பதுதான். எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததோ அந்தப் பாடத்திலிருந்து இன்னும் இருபது கணக்கு கொடுத்தேன். இருபதையும் போட்டாள், பதினெட்டு சரி. அவளுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. அந்த மாதக் கடைசியில் நடந்த தேர்வில்தான் 17 வாங்கினாள்.

அதாவது என்னிடம் வந்த பிறகு மதிப்பெண் இறங்கியது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் இல்லாவிட்டால் நான் இன்னொரு இருபது கணக்கு கொடுத்திருப்பேன்.

62 மதிப்பெண் எங்கே போயின

மூன்று விடைத்தாள்களையும் மேஜையில் பரப்பி வைத்து எண்ணினேன். 120-க்கு 58 வாங்கியிருந்தாள், போனது 62. இந்த 62-ம் ஒரே காரணத்தால் போயிருக்க வாய்ப்பில்லை என்பது தெரிந்தது. எந்தெந்தக் காரணம் என்பதைத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. விடை தப்பு என்று தாள் சொல்லும். அந்தத் தப்புக்கு அவள் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லாது.

இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. ஆஸ்திரேலியக் கல்வியாளர் நியூமேன் 1977-ல் வெளியிட்டது. எழுத்துக் கணக்குகளில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கான முறை அது. தப்பாகப் போட்ட கணக்கையே மறுபடி கொடுத்து ஐந்து விஷயங்களை வரிசையாகக் கேட்க வேண்டும். கேள்வியைச் சத்தமாகப் படி. என்ன கேட்டிருக்கிறார்கள், சொல். எந்த வழியில் செய்வாய்? செய்து காட்டு, செய்யும்போதே பேசிக்கொண்டு செய். இப்போது விடையை எழுது. மாணவர் முதலில் எந்தப் படியில் விழுகிறாரோ அதுதான் அந்தத் தப்பு பிறந்த இடம். நான்காவது படியில் விழுகிறவருக்கும் மூன்றாவது படியில் விழுகிறவருக்கும் விடை ஒரே மாதிரி தப்பாகத்தான் இருக்கும், மருந்து மட்டும் வேறு.

இரண்டு நாள், மொத்தம் மூன்றரை மணி நேரம் இதற்கே போனது. நான் என் வசதிக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்: பாடமே தெரியாமல் போனதைத் தனியாகவும், நேரம் இல்லாமல் எழுதாமல் விட்டதைத் தனியாகவும் வைத்தேன். கணக்கு இப்படி வந்தது. எந்த வழியில் செய்வது என்று பிடிபடாமல் போனவை 17. பாடமே தெரியாததால் போனவை 14. வழி சரியாக இருந்தும் கணக்கீட்டில் தவறியவை 13. கேள்வியைத் தப்பாகப் படித்ததால் 9. நேரம் போதாமல் வெற்றிடமாக விட்டவை 9.

பட்டியலில் முதலில் நிற்பது எனக்கே ஆச்சரியம். கவனக்குறைவு என்று எல்லோரும் சொன்னது அந்த 13-ஐயும், தப்பாகப் படித்ததால் போன 9-ஐயும்தான். ஆனால் அதிகம் போன இடம் வேறு. தனக்குத் தெரிந்த பாடத்தின் கணக்கைத் தேர்வில் அடையாளம் தெரியாமல் விட்டிருக்கிறாள்.

ஒரு செவ்வகம்

அந்த 17-க்குள் இருந்த ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. "ஒரு செவ்வகத்தின் மூலைவிட்டம் 13 செ.மீ., ஒரு பக்கம் 5 செ.மீ. எனில் பரப்பளவு காண்க." அவள் 65 என்று எழுதியிருந்தாள்.

"என்ன கேட்டிருக்காங்க?"

"பரப்பளவு மிஸ்."

"அதுக்கு என்னென்ன வேணும்?"

"நீளம், அகலம்."

"இதுல எது நீளம்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அய்யோ, இது பித்தகோரஸா மிஸ்?"

ஆமாம். மறுபக்கம் 12, பரப்பளவு 60. கண்டுபிடித்த பிறகு அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். வீட்டுப்பாட நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினோம். இரண்டு மாதம் முன்பு இதே மாதிரி ஒரு கணக்கு, மூலைவிட்டம் 10, பக்கம் 6. அதில் மறுபக்கம் 8, பரப்பளவு 48 என்று அழகாகப் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் "பித்தகோரஸ் தேற்றம்" என்று இருந்தது.

வீட்டுப்பாடத்தில் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. காரணிப்படுத்தும் பாடத்தின் பின்னால் இருக்கிற முப்பது கணக்கும் காரணிப்படுத்தத்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் "இது எந்த வகை?" என்று யோசிக்கிற வேலையைப் புத்தகம் மாணவருக்குப் பதிலாகச் செய்துவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இல்லை. அங்கே முதல் வேலை வகையைக் கண்டுபிடிப்பது. அவள் ஒரு வருடமாக அந்த வேலையைச் செய்ததே இல்லை. நானும் அந்த இருபது கணக்கைக் கொடுத்து அதையேதான் தொடர்ந்தேன்.

இது ஆராய்ச்சியிலும் நன்றாகப் பதிவான விஷயம். ரோஹ்ரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் நான்கு விதமான திண்ம உருவங்களின் கன அளவு காணக் கற்றார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது. கலந்து போட்டவர்கள் 63-ல் நின்றார்கள். பின்னர் ரோஹ்ரரும் சகாக்களும் ஏழாம் வகுப்பில் 54 வகுப்பறைகளை வைத்துச் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்விலும், ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் கலவைப் பயிற்சிக்காரர்கள் 61 சதவீதம், மற்றவர்கள் 38.

நான் அந்த 89-ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டுப்பாட நோட்டின் சரிக்குறிகள் அதுதான்.

முதல் வரி மட்டும்

அதன் பிறகு ஒரு பாடத்தை முடித்த கையோடு அதே பாடத்தின் கணக்குகளைக் குவிப்பதை நிறுத்தினோம். புதுப் பாடத்திலிருந்து நான்கைந்து, மீதி பழைய பாடங்களிலிருந்து, எல்லாம் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி ஒரே தாளில். தலைப்பு கிடையாது.

இதோடு நான் சேர்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரம் மூன்று முறை, பத்துக் கணக்கு, பத்து நிமிடம். எதையும் முடிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முதல் வரி மட்டும் எழுத வேண்டும்: இது என்ன வகை, தெரியாதது எது, எந்த உறவில் தொடங்குவேன். அவ்வளவுதான். கணக்கைப் பாதியில் விடுவது அவளுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. "முடிச்சுடட்டுமா மிஸ், ஒரு நிமிஷம்தான்" என்று கெஞ்சுவாள். விடமாட்டேன். முடிக்கிற திறமை அவளிடம் ஏற்கனவே இருந்தது.

இந்தப் பயிற்சிக்குக் கணக்கு தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்தோற்றம் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கிறவை வேண்டும். ஓர் எண்ணோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் இரண்டரை வருகிறது, அந்த எண் என்ன? பார்க்கப் பின்னக் கணக்கு மாதிரி இருக்கும், எழுதத் தொடங்கினால் இருபடிச் சமன்பாடு வந்து நிற்கும், விடை 2 அல்லது அரை. ஒரு தொகை 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? "மாற்றமில்லை" என்று எழுதினாள். 100 என்று வைத்துப் போடச் சொன்னேன். 120, அப்புறம் 96. "இது ஏமாத்து வேலை மிஸ்" என்று கோபப்பட்டாள். அந்தக் கோபத்துக்குப் பிறகு சதவீதக் கணக்கு எது வந்தாலும் "எதிலிருந்து சதவீதம்?" என்று ஓரத்தில் எழுதிக்கொள்வாள்.

தப்பாகப் படித்ததால் போன அந்த 9 மதிப்பெண்ணுக்கும் இதே பயிற்சி பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. முதல் வரியில் "தெரியாதது எது" என்று எழுத வேண்டியிருந்ததால் கேள்வியின் கடைசி வாக்கியத்தை அவள் முதலில் படிக்கத் தொடங்கினாள். முன்பெல்லாம் எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடித்தவுடன் கட்டம் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கேள்வி கேட்டது எக்ஸை வைத்துக் கிடைக்கும் சுற்றளவாக இருக்கும்.

மூன்றாவது வாரம் அவளுடைய அம்மா வந்தார். "என்னங்க மிஸ், முன்னாடி இருபதுக்குப் பதினெட்டு வாங்குவா. இப்போ நீங்க குடுக்கற தாள்ல பத்துக்கு அஞ்சுதான் வருது. மோசமாயிட்டே போறாளே?" நியாயமான கேள்வி. 89-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடம் விளக்கினேன். முழுவதும் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஒரு தேர்வு வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பயிற்சியில் தடுமாறுவது கற்றுக்கொள்வதன் அடையாளமா, கற்காததன் அடையாளமா என்று நடுவில் நிற்கும்போது தெரியாது.

மைனஸும் அடைப்புக்குறியும்

இப்போது அந்தக் "கவனக்குறைவு" 13 மதிப்பெண்ணுக்கு வருவோம். கவனம் சிதறியதால் வரும் தப்பு என்றால் அது தாறுமாறாக, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வர வேண்டும். இவளுடையது அப்படி இல்லை. 13-ல் 8 மதிப்பெண் ஒரே இடத்தில் போயிருந்தது: அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ். 7 − (எக்ஸ் − 3) என்று இருந்தால் 4 − எக்ஸ் என்று எழுதுவாள். மைனஸ் முதல் உறுப்பை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடும். சரியானது 10 − எக்ஸ். இன்னொரு 3 மதிப்பெண் ரஃப் பக்கத்திலிருந்து விடைக்கு எடுத்து எழுதும்போது போனது, அவளுடைய 1-ம் 7-ம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மீதி 2 தான் நிஜமான கைத்தவறு.

"இன்னும் கவனமா இரு" என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் என்ன செய்ய முடியும்? எதைக் கவனிப்பது என்று அவளுக்குத் தெரியாது. "மைனஸுக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால் நில்" என்று சொன்னால் செய்ய முடியும். அந்த இடத்தில் உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அம்புக்குறி போட்ட பிறகுதான் அடைப்புக்குறியை நீக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. பார்க்கச் சின்ன விஷயங்கள், ஆனால் சேர்த்தால் மூன்று தாள்களில் 11 மதிப்பெண்.

சரிபார்ப்பதையும் அவள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. "செக் பண்ணினேன் மிஸ்" என்பாள். செய்வது என்னவென்றால் எழுதியதை மேலிருந்து கீழே மறுபடி படிப்பது. அப்படிப் படித்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதே மூளைதானே எழுதியது. சரிபார்ப்பது என்றால் வேறு வழியாக அதே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சமன்பாடு என்றால் விடையைத் திருப்பிப் போடுவது: 3 எக்ஸ் − 7 = 2(எக்ஸ் + 4) என்பதற்கு 15 வந்ததா, இடது பக்கம் 45 − 7 = 38, வலது பக்கம் 2 × 19 = 38, முடிந்தது. பத்து விநாடி ஆகாது. சுருக்குகிற கணக்கு என்றால் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது. எக்ஸ் 2 என்றால் 7 − (2 − 3) என்பது 8. அவள் எழுதிய 4 − எக்ஸ் என்பது 2. பிடிபட்டுவிட்டது. இதற்கு 0 வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுகிற புகழ்பெற்ற தப்புகூட, ஒன்றுக்கு 0 போட்டால் சரி போலத் தப்பித்துவிடும்.

விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. செங்கோண முக்கோணத்தில் கர்ணம் மற்ற பக்கத்தைவிடச் சின்னதாக வந்தால் அங்கேயே திரும்பிப் போக வேண்டும்.

பாடம் தெரியாமல் போன 14 மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பகுதி இயற்கணிதப் பின்னங்கள். அதற்கு எந்த உத்தியும் கிடையாது, உட்கார்ந்து கற்பதுதான். எட்டாம் வகுப்பின் சாதாரணப் பின்னங்களிலிருந்து ஆரம்பித்து நான்கு வாரம் ஆனது.

முந்தைய இரவு

அவள் தேர்வுக்குத் தயாரான விதம்: முந்தைய நாள் மாலை உட்கார்ந்து, மூன்று மணி நேரம், போட்டு முடித்த கணக்குகளை நோட்டில் பார்த்துக்கொண்டே போவது. பார்க்கும்போது எல்லாம் புரியும். புரிவதால் தெரியும் என்று தோன்றும். ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இந்த மயக்கத்தைக் காட்டுகிறது. அவர்கள் கொடுத்தது கணக்கு இல்லை, உரைநடைப் பகுதி. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 83 சதவீதம் நினைவு கூர்ந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 தான். ஒரு வாரம் கழித்து முதலாமவர்கள் 40-க்கு வந்துவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61.

எனவே அந்த மூன்று மணி நேரத்தைத் தேர்வுக்கு முந்தைய ஒரு வாரத்தில் நாளுக்கு 25 நிமிடமாகப் பிரித்தோம். நோட்டை மூடி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். பழைய தேர்வுத்தாளை ஒருமுறையாவது கடிகாரம் வைத்து, எழுந்து போகாமல், முழுதாக எழுத வேண்டும். முந்தைய இரவில் தவறு நோட்டு மட்டும், பிறகு தூக்கம்.

தவறு நோட்டு என்றால் சரியான விடையை அழகாக நகலெடுத்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது கையெழுத்துப் பயிற்சி. அவளுடைய நோட்டில் கணக்கு, கீழே தன்னை எது ஏமாற்றியது என்று ஒரே ஒரு வரி: "மூலைவிட்டத்தைப் பக்கம்னு நெனச்சேன்." விடை கிடையாது. ஒரு வாரம் கழித்து அதே கணக்கைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். வந்தால் ஒரு டிக், இரண்டு டிக் விழுந்தால் அந்தக் கணக்குக்கு விடுதலை.

60 நிமிடம்

நேரத்தைப் பற்றி அவளிடம் கேட்டபோது, "பத்தல மிஸ்" என்றாள். பழைய தாள் ஒன்றைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஆன நேரத்தைக் குறித்தேன். 3 மதிப்பெண் கணக்கு ஒன்றில் 14 நிமிடம் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டு நகர்வது அவளுக்குத் தோற்றுப்போவது மாதிரி.

60 நிமிடத்தில் கடைசி 8 சரிபார்க்க, முதல் 2 தாளை முழுதாகப் படிக்க. மீதி 50 நிமிடம், 40 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றேகால் நிமிடம். அப்படியானால் 3 மதிப்பெண் கணக்குக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. அந்த 14 நிமிடத்தில் வேறு பதினோரு மதிப்பெண் எழுதியிருக்கலாம். இந்தக் கணக்கை அவளையே போடச் சொன்னேன். நான் சொன்னதைவிட அது உறைத்தது.

முறை இதுதான். தாளைப் படிக்கும்போதே உடனே வருகிறவற்றுக்கு ஒரு புள்ளி. முதல் சுற்றில் புள்ளி வைத்தவை. இரண்டாம் சுற்றில் யோசித்தால் வருகிறவை. கடைசியில்தான் முரண்டு பிடிக்கிறவை. நேரம் தாண்டினால் இடம் விட்டு அடுத்தது. வெற்றிடமாக மட்டும் எதையும் விடக் கூடாது. படம், தெரிந்த அளவுகள், பொருத்தமான சூத்திரம், முதல் பிரதியிடல் வரைக்குமாவது எழுத வேண்டும். ஸ்டெப்புக்கு மதிப்பெண் கொடுக்கிற ஆசிரியர் கொடுக்க நினைத்தாலும் தாளில் ஏதாவது இருந்தால்தானே கொடுக்க முடியும். முதல் பிரிவு வராவிட்டாலும், அதன் விடையை ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு இரண்டாம் பிரிவை எழுதலாம். அப்புறம் ரப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். முன்பு பாதி சரியான வழியையெல்லாம் தேய்த்து அழித்திருக்கிறாள். இனி தப்பு என்று நினைத்தால் ஒரே கோடு, படிக்கும்படி.

நான்கும் ஐந்தும்

நான்காவது தேர்வில் 23. பெரிய தாவல் இல்லை. ஆனால் 17-லிருந்து 23, முதல்முறையாக வெற்றிடம் ஒன்றுகூட இல்லாத தாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது தேர்வில் 21.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். என்ன நடந்தது என்று கேட்டால், இரண்டு நிமிடத்தில் தாளைப் படிக்க வேண்டியவள் ஒன்பது நிமிடம் எடுத்திருக்கிறாள். புள்ளி வைத்து, பிறகு புள்ளியை மாற்றி, ஒவ்வொரு கணக்கின் நேரத்தையும் ஓரத்தில் கூட்டி எழுதியிருக்கிறாள். அடைப்புக்குறியே இல்லாத கணக்கிலும் அம்புக்குறி. உத்தி தாளை நிரப்பிவிட்டது, கணக்குக்கு இடமில்லை. தப்பு அவளுடையது என்று சொல்ல மாட்டேன். ஆறு வாரத்தில் ஏழெட்டுப் புதுப் பழக்கங்களை அவள் தலையில் ஏற்றியது நான்.

இன்னொன்றும் நடந்தது. பொருத்தமான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இரண்டு சரியான விடைகளைக் கடைசி நிமிடத்தில் மாற்றிவிட்டாள். "முதல்ல தோணினதுதான் சரி, மாத்தவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நான் ஏன் மாத்தினேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எல்லோரும் சொல்வது உண்மையில் சரியில்லை. குரூகரும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 1,561 கல்லூரி மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணினார்கள். மாற்றியதில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்கு, 25 சதவீதம் சரியிலிருந்து தப்புக்கு. மாற்றுவது பெரும்பாலும் லாபம்தான். சரியை மாற்றிக் கெடுத்தது மனதில் முள்ளாக நிற்கும், தப்பை மாற்றிப் பிழைத்தது மறந்துவிடும். அவளிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மாற்றுவதற்கு ஒரு காரணம் எழுத முடிந்தால் மாற்று, வெறும் சந்தேகம் என்றால் விடு.

அதன் பிறகு பழக்கங்களைக் குறைத்தோம். புள்ளி, இடம் விட்டு நகர்வது, அடைப்புக்குறியில் நிற்பது, கடைசி எட்டு நிமிடம். நான்கு மட்டும். மீதியை வீட்டுப் பயிற்சியிலேயே விட்டுவிட்டோம்.

பயம்

அவள் பயந்து நடுங்குகிற ரகம் இல்லை. ஆனால் முதல் கேள்வியே கஷ்டமாக அமைந்தால் அடுத்த பத்து நிமிடம் அவளால் 8 × 7 கூடச் சட்டென்று சொல்ல முடியாது. கணக்குப் பயம் உள்ளவர்களுக்கு, மனதில் எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிற இடம் கணக்குப் போடும் நேரத்தில் சுருங்கிவிடுகிறது என்று ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001-ல் காட்டினார்கள். மீதி ஏற்றிக் கூட்டுவது போல ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்கிற வேலைகளில்தான் அடி பலமாக விழுகிறது. அதனால் மனதிலிருந்து தாளுக்கு எதையெல்லாம் இறக்கலாமோ இறக்கச் சொன்னேன். தாள் கையில் வந்ததும் ரஃப் பக்கத்தில் சூத்திரங்கள், அப்புறம் இடைப்பட்ட படிகள் எல்லாம் எழுத்தில். முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை என்பதையும் சொன்னேன். அது அவளுக்கு நிஜமாகவே புதுச் செய்தி.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தை எழுதினால் மதிப்பெண் கூடுகிறது என்று ராமிரெஸ், பெய்லாக் 2011-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு. அதையும் முயன்றோம். இரண்டு வரி எழுதிவிட்டுச் சிரித்துவிட்டாள். அவளுக்கு அது ஒட்டவில்லை, விட்டுவிட்டேன்.

ஆறும் ஏழும்

ஆறாவது தேர்வில் 29, ஏழாவதில் 33. எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்தோம். பின்னங்களைக் கற்றதே சில மதிப்பெண்களைக் கொண்டுவந்திருக்கும். ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன்: வழி பிடிபடாமல் போகிற தப்பு முதல் மூன்று தாள்களில் சேர்த்து 17, கடைசி இரண்டு தாள்களில் சேர்த்து 5. அதற்கு நாங்கள் செய்தது கலவைத்தாளும் முதல் வரிப் பயிற்சியும்தான். அவளுக்கு இப்போதும் வீட்டில் பத்துக்குப் பத்து வருவதில்லை. ஏழு, எட்டு. அம்மா அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஏழாவது தாளை என்னிடம் நீட்டும்போது, போன ஏழு மதிப்பெண்ணையும் அவளே பிரித்து வைத்திருந்தாள். பாடம் சரியாகத் தெரியாதது 4, முதல் வரி பிடிபடாதது 2. மீதி ஒன்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் வழக்கமான அதே சொல் இருந்தது. அவள் அதன் மேல் படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு, கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: "அடைப்புக்குறி. மறுபடியும்."